பென்சில் புள்ளி வைத்த பெயர்கள்

போன ஜூன் மாதம் ஒரு நாள் காலை, அடுப்பில் கறி ஆணம் கொதித்துக்கொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பள்ளிக்கு இப்போது அவள்தான் தலைமை ஆசிரியை. பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். தூசி தட்டித் தட்டித் தும்மலே நிற்கவில்லை என்று கொஞ்ச நேரம் புலம்பினாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ஒரு சந்தேகம் டீச்சர். சில பேருக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி இருக்கு. புள்ளி இருக்கறவங்க எல்லாரும் மே மாசக் கடைசியிலயே பொறந்திருக்காங்க. அது என்ன கணக்குன்னு புரியலை. அழிச்சுட்டு ஸ்கேன் பண்ணட்டுங்களா? பாக்க நீட்டா இருக்கும்."

அழிக்காதே, நானே கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஆணம் அடிப்பிடித்த வாசனை கூடத்துக்கு வந்த பிறகுதான் எழுந்து போனேன். அவளுக்குப் போனில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். பாலக்கரையில் பிறந்து, பாலக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டு, முப்பத்து மூன்று வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு நிதியுதவித் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் நான் கற்றுக்கொண்டது சார்ட் ஒட்டுவதும் பாடக்குறிப்பு எழுதுவதும்தான். மற்றதெல்லாம் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது. தினமும் இரண்டு பஸ் மாறி, காவேரிப் பாலம் தாண்டிப் போவேன். பாலத்தில் பஸ் ஏறும்போது பிஸ்மி சொல்வேன், இறங்கும்போது அன்றைய பாடத்தை நினைத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். ஒரே மகள். ஐந்து வேளைத் தொழுகை, வீடு, ஒன்றாம் வகுப்பு என்று என் ஆயுசு ஓடிவிட்டது. குறை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் மகளின் நிக்காஹ் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கல்யாணப் படமும் மாட்டியிருக்கிறது. என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகளில் முதன்முதலாக என்னை மேடையேற்றி ஆசீர்வாதம் கேட்ட தனலட்சுமியின் கல்யாணம் அது. வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தலைமை ஆசிரியையாக இருந்தவர் வைதேகி டீச்சர். எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே பள்ளிக்கு வருவார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், சுங்குடிப் புடவை, கொண்டையில் செருகிய ஒரு பென்சில். அந்தப் பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. குரலை உயர்த்த மாட்டார். தப்பு செய்தவளை நாற்காலியில் உட்காரவைத்து, "சித்த நேரம் யோசி, நானும் யோசிக்கறேன்" என்பார். பிறகு பத்து நிமிஷம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, காகிதக் கட்டுகள் வைக்கும் சின்ன அறையின் சாவியைக் கொடுத்தார். மதியத் தொழுகைக்கு அங்கே போய்க்கொள்ளலாம், நேரம் தவற வேண்டாம் என்றார். அதே பெரிய டீச்சர் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. வீட்டிலிருந்து சொம்பில் கொண்டுவருவார். இரண்டும் ஒரே மனுஷிதான். எனக்கு அதில் கோபமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே இருபது வருடம் அவரிடம் வேலை பார்த்தேன்.

பள்ளிச் சேர்க்கை என்றால் அந்தக் காலத்தில் என்னவென்று கவிதா மாதிரிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் இல்லாமல் கணினி ஒரு பெயரையும் உள்ளே விடாது. அப்போது வந்தவர்கள் பூக்கட்டுகிறவர்கள், நந்தவன வேலைக்காரர்கள், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள். பிள்ளை பிறந்த தேதி பாதிப் பேருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு ஓலைக் கூரையோடு போயிருக்கும். பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது.

தொடாத பிள்ளைகளுக்கு விசாரணை நடக்கும். பெரிய டீச்சர் தேதியே கேட்க மாட்டார். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாலா பின்னாலா, சித்திரைத் தேர் ஓடியாச்சா, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினோமே, அப்போது வயிற்றிலா கையிலா என்று கேட்பார். தாய்மார்களுக்கு அது எல்லாம் நன்றாக நினைவிருக்கும். ஐந்தாறு கேள்வியில் பிள்ளை பிறந்த வாரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அது வித்தை மாதிரி இருக்கும்.

கண்டுபிடித்த பிறகு ஒரு சிக்கல். பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். நான்கரை வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வருடம் வரும் என்று நிச்சயம் இல்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நிற்கும், இல்லையென்றால் அம்மாவோடு பூக்கட்டப் போய்விடும். அதனால் நாங்கள் சில மாதங்களைப் பிள்ளைக்குக் கொடுப்போம். ஏகாதசிக்குப் பிறந்த குழந்தை, அதற்கு முந்தைய மே மாதக் கடைசியில் பிறந்ததாகப் பதிவேட்டில் ஏறும். நான் கறுப்பு மையில், எண்ணிலும் எழுத்திலும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். பெரிய டீச்சர் கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கடுகு அளவு ஒரு புள்ளி வைப்பார்.

முதல் தடவை பார்த்தபோது அது எதற்கு என்று கேட்டேன்.

"பேனா சர்க்காருக்கு, பென்சில் பெருமாளுக்கு. அவருக்குத் தெரியாம ஒரு எழுத்து எழுதப்படாது, நூர்ஜஹான்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. எங்கள் மார்க்கத்திலும் ஆளுக்கு இரண்டு வானவர்கள், தோளில் இரண்டு பேர் உட்கார்ந்து நன்மை தீமையை எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நல்லதுக்காகச் செய்கிறோம், மேலே இருப்பவனிடம் மறைக்கவும் இல்லை என்று நெஞ்சு லேசாக இருக்கும். ஆனால் பெரிய டீச்சருக்கு ஒரு வரம்பு உண்டு. எட்டு மாதம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க மாட்டார்.

அந்த வரம்பை உடைத்தவள் நான்.

பவுனம்மாள் ராஜகோபுரத்துக்கு வெளியே சாலையோரத்தில் மேஜை போட்டுப் பூக்கட்டுகிறவள். புருஷன் இருந்தும் இல்லாத மாதிரிதான். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது தினமும் அவளைப் பார்ப்பேன். அவளுடைய குழந்தை சுகந்தி சாலையில் ஓடிவிடாமல் இருக்க, பூக்கட்டும் வாழைநாரைத் தடிமனாகத் திரித்து அதன் இடுப்பில் கட்டி, மறுமுனையை மேஜைக் காலில் கட்டியிருப்பாள். அந்தக் குழந்தை கயிறு எட்டும் மட்டும் வந்து நின்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் நார் அறுந்து, குழந்தை ஓடி, ஒரு வேன் அதன் பாவாடையைத் தட்டிக்கொண்டு நின்றது. நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாளே பவுனைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். பெரிய டீச்சர் விசாரித்தார். ஆடிப்பெருக்கு அன்று காவேரிக் கரை அம்மா மண்டபத்துக்குப் போய்த் திரும்பும்போது வலி எடுத்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை. கணக்குப் போட்டால் நான்கு வயதே முடியவில்லை. பதினான்கு மாதம் கொடுக்க வேண்டும். பெரிய டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் விடவில்லை. அந்த நாரைப் பற்றிச் சொன்னேன், வேனைப் பற்றிச் சொன்னேன், அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் நம் இரண்டு பேர் தலையிலும்தான் விடியும் என்றுகூடச் சொன்னேன். அவர் வழக்கம்போலப் பத்து நிமிஷம் யோசித்தார்.

"பதினாலு மாசம் ரொம்ப ஜாஸ்திம்மா. பின்னாடி எங்கயாவது இடிக்கும்."

அது எங்கே இடிக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வகுப்பில் பின்தங்கிவிடும் என்றுதான் நினைத்தோம். நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார், புள்ளியும் வைத்தார்.

சுகந்தி பின்தங்கவே இல்லை. முதல் மாதம் முழுக்க என் மடியில் தூங்கினாள், இரண்டாவது மாதம் எழுத்தை எல்லாம் விழுங்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது அவள் வாய்ப்பாடு சொல்கிற வேகத்துக்கு எனக்கே மூச்சு வாங்கும். பத்தாவது, பன்னிரண்டாவது என்று ஒவ்வொரு முறையும் மார்க்கை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். கல்லூரியில் கணிதம் எடுத்தாள். அதற்குள் பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தேன், எனக்கும் ஓய்வுக்குப் பத்து மாதமே இருந்தது. என் மகளுக்கு நிக்காஹ் நிச்சயம் ஆகியிருந்தது.

ஒரு ஜூன் மாதம், சேர்க்கை வேலை நடந்துகொண்டிருக்கும்போது பவுனம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பத்திரிகையோடு வந்தாள். என் மேஜையில் பத்திரிகையை வைத்து, நிறைந்த முகத்தோடு நின்றாள். சுகந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பவுனின் தம்பி, தொட்டியத்தில் வாழைக்காய் வியாபாரம். முப்பது வயது இருக்கும். முறை மாப்பிள்ளை, வேறு இடத்தில் பெண் எடுத்துவிடுவேன் என்று அவசரப்படுகிறானாம். சுகந்தி முதல் வருடம்தானே முடித்திருக்கிறாள், படிப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, நன்றி சொல்கிற குரலில் சொன்னாள்.

"கோயில்ல வயசு சான்றிதழ் கேட்டாங்க டீச்சர். பத்தாவது மார்க் ஷீட்ட நீட்டுனேன், ஒண்ணும் பேசலை. அன்னைக்கு நீங்க போட்டுக் குடுத்த ஒரு வருசம் இன்னைக்கு எம்பொண்ணுக்கு உதவுச்சு. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் உதடு அசைவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டேன், வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன், பிறகு பக்கத்து வகுப்பு டீச்சர் சொல்லித்தான் தெரியும். அவள் போன பிறகு விரல் விட்டு எண்ணினேன். திரும்பத் திரும்ப எண்ணினேன். பதினாறு வயது பத்து மாதம்.

வேனுக்கு முன்னாலிருந்து இழுத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை அது. பெண்ணுக்குப் பதினெட்டு என்று சட்டம் வைத்த வேலியை, அவள் நான்கு வயதில் இருக்கும்போதே என் கையால் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். பள்ளியில் சேர்க்கிற அவசரத்தில், அந்தத் தேதி அவளோடு கடைசி வரை நடந்து வரும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் ஐந்தாம் வகுப்போடு என்னிடமிருந்து போய்விடுவதால், வாழ்க்கையும் அங்கேயே முடிந்துவிடுவதாக நினைத்துக்கொள்கிற புத்தி எங்களுக்கு.

பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். என் எழுத்து அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. பக்கத்தில் கடுகு அளவு புள்ளி. மேஜையில் பிள்ளைகள் யாரோ விட்டுப்போன ரப்பர் கிடந்தது. பொய் சொல்ல மாட்டேன், அதைக் கையில் எடுத்தேன். ஒரு தேய். அப்புறம் உலகத்தில் இதற்கு ஒரு சாட்சியும் இல்லை. ஓய்வூதியம் வரும், மகள் கல்யாணம் நடக்கும். தோளில் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு பேரை நினைத்தேன். ரப்பரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தேன்.

மறுநாள் மதியம், நான் தொழுகை முடித்து அறையிலிருந்து வெளியே வந்தபோது, ஒன்றாம் வகுப்பு வாசலில் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு உண்டான பூரிப்பு ஒன்றும் முகத்தில் இல்லை. வேண்டாம் என்றோ, பிடிக்கவில்லை என்றோ அவள் சொல்லவில்லை. அம்மாவை மீறிப் பேசுகிற பிள்ளை இல்லை அவள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எனக்கு நெஜமா என்ன வயசுன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொல்லுச்சு. எனக்கு என்ன வயசு டீச்சர்?"

எத்தனை ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள் என்னைப் பிள்ளைகள். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. அவளை உட்காரவைத்து, பதிவேட்டைக் காட்டி, புள்ளியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்போ எனக்கு இன்னும் பதினேழே ஆகலையா என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு அழுதாள். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். பத்து மாதம் பொறுக்கக் கூடாதா, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், பெயர் போடாமல் ஒரு கடிதம் போட்டால் போதாதா என்று கேட்டார். அவர் கேட்டது ஒன்றும் தப்பில்லை. பெயர் போடாத கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், மார்க் ஷீட்டில் இருக்கிற தேதிதான் நிற்கும், அது பொய் என்று எழுதினவள் வந்து சொன்னால்தான் கேட்பார்கள் என்றேன். அவர் எழுந்து கை கழுவினார். இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டு வந்தார். "நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்? நான் வண்டியில கொண்டு விடறேன்" என்றார்.

அதற்கு முன் ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது. கையெழுத்து அவருடையது. மறுநாள் காலையில் முதலில் எங்கள் ஊரிலேயே இருக்கும் கே.கே. நகருக்குத்தான் வண்டியில் போனோம். பெரிய டீச்சர் அங்கே மகன் வீட்டில் இருந்தார். எழுபது தாண்டி, உடம்பு பாதியாகியிருந்தது. கொண்டை இல்லை, முடியை வெட்டியிருந்தார்கள். துளசிச் செடியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர், நான் சொல்லச் சொல்ல அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த துளசி கீழே சிந்திற்று. நாக்கு வறண்டுபோயிற்று போல. என் பையில் நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைச் சட்டென்று எடுத்து, மடமடவென்று குடித்தார். இருபது வருடத்தில் நடக்காதது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்கே சொன்னேன், இடிக்கும்னு. ஆனா இப்படின்னு நேக்குத் தோணலையே நூர்ஜஹான். நானும் பொண்ணாத்தானே பொறந்தேன், நேக்கு ஏன் தோணலை?"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பழைய வழக்கப்படி பேசாமல் உட்கார்ந்திருந்தோம். புள்ளி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்போ போய்ச் சொல்லு. கேட்டா என் பேரையும் சொல்லு" என்றார்.

சமூக நலத் துறை அலுவலகத்தில் இருந்த அதிகாரி என் மகள் வயதுப் பெண். முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. புகார் கொடுக்க வருகிறவர்கள் அடுத்தவர் செய்த தப்பைத்தானே சொல்வார்கள். இதை எழுதிக் கொடுத்தால் உங்கள் மேலேயே நடவடிக்கை வரும், தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டாள். பதிவேட்டின் நகலில் புள்ளியைக் காட்டினேன். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், இன்ன வருடம் என்று சொல்லி, மாநகராட்சிப் பிறப்புப் பதிவில் தேடச் சொன்னேன். வெள்ளைத் தாளில் எழுதினேன். அதே கறுப்பு மை, அதே எழுத்து. எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன், பழக்கம்.

மூன்றாம் நாள் பிறப்புப் பதிவு கிடைத்தது. கல்யாணம் நின்றது. அதிகாரிகள் வீட்டுக்கே போய், இப்போது கல்யாணம் செய்ய மாட்டோம் என்று இரண்டு பக்கமும் எழுதி வாங்கிவிட்டார்கள். அடுத்த நாள் காலை பிரார்த்தனை நேரத்தில் பவுனம்மாள் பள்ளி வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாங் கேட்டனா டீச்சர்? நீங்களா கூப்புட்டு நீங்களா குடுத்தீங்க. குடுத்ததத் திருப்பிப் புடுங்கிக்கலாமா?"

அவள் என்னை அறைந்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தொட்டியத்துத் தம்பி அந்த வருடமே வேறு பெண் கட்டிக்கொண்டான். அக்கா தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று. அவளுக்கு இருந்த ஒரே பிறந்த வீட்டு உறவு அது. ஒரு பொய்யை எழுதும்போது ஒரு வீட்டுக்கு நல்லது செய்தேன், அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டபோது அதே வீட்டுக்குக் கெட்டவளானேன்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். விசாரணை முடியாததால் ஓய்வு பெற்ற நாளில் மாலை இல்லை, விழா இல்லை. சாவிக் கொத்தை மேஜையில் வைத்துவிட்டு நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஒன்றரை வருடம் கழித்து, கண்டனத்தோடு விட்டுவிட்டார்கள். மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தி வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய டீச்சரை விசாரிக்கத் தாக்கீது போனபோது அவர் உயிரோடு இல்லை.

சுகந்தி கணிதத்தில் பட்டம் வாங்கி, இப்போது பி.எட். படிக்கிறாள். மார்க் ஷீட்டில் இருக்கிற தேதியை இனி மாற்ற முடியாதாம், காலம் கடந்துவிட்டதாம். அதனால் அவளுக்கு ஆயுசுக்கும் இரண்டு வயது. பவுனம்மாள் இன்னும் அதே இடத்தில் பூக்கட்டுகிறாள். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் அவளிடம்தான் வாங்குவேன். முழம் போட்டுக் கட்டித் தருவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இவ்வளவோடு இது முடிந்தது என்றுதான் இருந்தேன். தப்பு செய்தேன், ஒப்புக்கொண்டேன், தண்டனையும் வாங்கிக்கொண்டேன் என்று தொழுகையில் கை ஏந்தும்போதுகூட ஒரு நிம்மதி வந்திருந்தது. கவிதா போன் செய்து, சில பேருக்குப் பக்கத்தில் என்று பன்மையில் சொன்னாளே, அதுவரைக்கும். சுகந்தி ஒருத்தியைப் பற்றியே நினைத்து நினைத்து, மற்ற புள்ளிகளை நான் மறந்தே போயிருக்கிறேன். பவுனம்மாள் வெள்ளை மனசோடு நன்றி சொல்ல வந்ததால் அது தெரிந்தது. நன்றி சொல்ல வராதவர்கள்?

அன்று மதியம் கவிதாவைக் கூப்பிட்டேன். புள்ளி என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொன்னேன். ஒரு புள்ளியையும் அழிக்காமல் ஸ்கேன் செய், மேலிடத்தில் யாராவது கேட்டால் என் பெயரைச் சொல் என்றேன். பிறகு, புள்ளி வைத்த பெயர்களில் பெண் பிள்ளைகளை மட்டும் படிக்கச் சொன்னேன். நான் சேர்ந்த வருடத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்து போனது. ரிப்பன் வைத்த தலை, ஒழுகுகிற மூக்கு, பல் விழுந்த வாய். மூன்று பெயர் படித்தாள்.

"அடுத்தது தனலட்சுமி, டீச்சர். அப்பா முருகேசன், நந்தவன வேலை."

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். அதே பெயர், அதே அப்பா. ஏகாதசிக் கூட்டத்தில் வலி எடுத்ததாக அவள் அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஏழு மாதம் கொடுத்தோம். பதிவேட்டுக் கணக்கில் பதினெட்டு முடிந்த கையோடு ஆனி மாதத்தில் கல்யாணம் வைத்தார்கள். நிஜத்தில் பதினெட்டு முடியவில்லை. பதினேழரை.

போனைக் காதில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து அந்தப் படத்துக்கு முன்னால் நின்றேன். தனலட்சுமி குனிந்த தலையோடு நிற்கிறாள். பக்கத்தில் என் கை உயர்ந்திருக்கிறது, விரல் இடுக்கிலிருந்து அட்சதை விழுந்துகொண்டிருக்கிறது. அந்த மேடையில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருப்பது நான்தான்.

"டீச்சர், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் கவிதா.

"இருக்கேன். அடுத்த பேரைப் படிம்மா."